திட்டு வாங்கும் நாற்காலி

"மேனேஜர் ஆகணும்னா முதல்ல திட்டக் கத்துக்கணும். கீழ சூப்பர்வைசர் அம்மாகிட்ட போ. அவங்க திட்டுற சத்தம் மாடி வரைக்கும் கேக்கும். சாயங்காலத்துக்குள்ள உன் சத்தமும் எனக்குக் கேக்கணும். இல்லேன்னா வேற வேலை பார்த்துக்க."

சட்டைக் கம்பெனியின் பெரிய மேனேஜர் பயிற்சி கொடுத்த லட்சணம் இது.

புதுப் பையன், ஈ எறும்பைக்கூட அதட்டத் தெரியாதவன், தையல் கூடத்துக்கு இறங்கினான்.

சூப்பர்வைசர் அம்மா கத்திக்கொண்டிருந்தார். "என்னடி, தைக்கிறியா தூங்குறியா? ஒரு காலராவது ஒழுங்கா வருதா?"

எட்டிப் பார்த்தான். அவர் பார்த்துத் திட்டிய நாற்காலி காலி.

மெஷினில் விளக்கு எரிந்தது. ஊசியில் நூல் கோத்திருந்தது. சுற்றிலும் பெண்கள் தலை நிமிராமல் தைத்தார்கள். அவன் பயந்து ஓரடி பின்வாங்கினான்.

பக்கத்து மெஷின்காரியிடம் குனிந்தான். "அங்க யாரு அக்கா?"

"அவ செத்துட்டா சார். போன மாசம். அந்த நாற்காலியிலயே."

"அப்போ இவங்க யாரைத் திட்டுறாங்க?"

"அவளைத்தான்." பல்லால் நூலை அறுத்துவிட்டு அடுத்த காலரை எடுத்தாள்.

பயம் போய்க் கோபம் வந்தது. செத்த பிறகும் விடாத இந்தப் பிசாசிடமா தொழில் கற்பது? நேரே போய் நின்றான்.

"செத்தவங்களைக்கூட விடமாட்டீங்களாம்மா?"

அவர் திட்டுவதை நிறுத்தினார். ஒவ்வொன்றாக எல்லா மெஷினும் நின்றது. எல்லாக் கண்களும் மாடிப்படிக்குப் போயின. மேலே கதவு திறக்கும் சத்தம்.

அம்மா சட்டென்று நாற்காலி பக்கம் திரும்பினார். "மரமண்டை! பிரிச்சுத் தைடி!"

மேலே கதவு மூடியது. மெஷின்கள் ஓடத் தொடங்கின.

"திட்டுற சத்தம் கேக்கலைன்னா பெரிய மேனேஜரே இறங்கி வந்துடுவார் தம்பி." அம்மா குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கும் அப்படித்தான் வந்தார். இவ காய்ச்சலோட தைச்சுக்கிட்டிருந்தா. அவர் திட்டி முடிக்கிறதுக்குள்ள சாஞ்சுட்டா."

நாற்காலியின் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"உசுரோட இருக்கிறவங்களைத் திட்ட எனக்கு வாய் வரமாட்டேங்குது. இவளுக்கு இனிமே வலிக்காது."

மாடியிலிருந்து குரல் வந்தது. "என்ன, புதுப் பையன் சத்தத்தையே காணோம்?"

அவன் காலி நாற்காலியிடம் குனிந்து, "மன்னிச்சுக்கக்கா" என்றான். பிறகு தொண்டை கிழியக் கத்தினான்.