கண்காட்சிக்கு மூன்று தடவை வந்தவர்

மண்பாண்டக் கலைஞர் சங்கத்தின் கண்காட்சிக்கு ஒரு தடவை வருபவர்களே குறைவு. அந்தத் தட்டச்சர் இரண்டு நாளில் மூன்றாவது தடவையாக வந்திருந்தார்.

நீதிமன்றத்தில் இருபத்திரண்டு வருட வேலை. திருடர்களின் வாக்குமூலங்களைத் தட்டித் தட்டியே விரல் தேய்ந்தவர். யார் யார் எந்த இடத்தில் கோட்டைவிட்டு மாட்டிக்கொண்டார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. அவர் மட்டும் அலுவலகத்திலிருந்து ஒரு குண்டூசியைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை.

கூடத்தின் நடுவே, கண்ணாடிப் பெட்டிக்குள், முதல் பரிசு பெற்ற வெள்ளை ஜாடி நின்றது. போட்டிக்கு வந்த நூற்றறுபது ஜாடிகளை மூன்று நடுவர்கள் சலித்து எடுத்து நாற்பத்திரண்டாக்கி, அதிலும் இதுதான் உசத்தி என்று சொல்லிவிட்டார்கள். கூட்டம் மொத்தமும் அதைச் சுற்றியே மொய்த்தது.

தட்டச்சர் அதன் அருகே போகவில்லை. கழிவறைக்குப் போகும் வழியில், கடைசி மூலையில் நின்றுகொண்டார். அங்கிருந்து பார்த்தால் கண்ணாடிப் பெட்டி, காவலாளி, வாசல் மூன்றும் ஒருசேரத் தெரிந்தன. அந்தப் பக்கம் வந்த எல்லாரும் அவரிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அவரும் அலுக்காமல் கழிவறையைக் கைகாட்டினார்.

சங்கச் செயலாளர் எதிர்ப்பட்டார்.

“நேத்தும் வந்தீங்கள்ல சார்? மண் வேலையில அவ்வளவு ஈடுபாடா?”

“சும்மா, பொழுது போகல. கேமரா எல்லாம் வச்சிருக்கீங்களா?”

“ஒண்ணே ஒண்ணு. பரிசு ஜாடிக்கு நேரா. மத்ததை யாரு சார் தொடப் போறாங்க?”

“அதுவும் சரிதான்” என்றார் தட்டச்சர். முகம்தான் லேசாகச் சுருங்கியது.

நாலு மணிக்குப் பக்கத்து அறையில் தலைமை நடுவர் பேச ஆரம்பித்தார். வெள்ளை ஜாடியின் கழுத்து வளைவைப் பற்றியே பத்து நிமிடம். கூட்டம் அங்கே போய்விட்டது. காவலாளியும் கதவில் சாய்ந்து, கூடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டார்.

தட்டச்சர் துணிப்பையை விரித்தார். ஒரு கண்ணைக் காவலாளியின் முதுகிலேயே வைத்துக்கொண்டார்.

உள்ளே கைதட்டல் எழுந்தபோது அவர் வாசலைத் தாண்டிவிட்டார். ஓடவில்லை. ஓடியவர்கள்தான் மாட்டியிருக்கிறார்கள். பைக்குள் ஜாடி கனத்தது.

ஆறு மணிக்குச் செயலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, உறுப்பினரான ஓர் அம்மாளுக்குப் போன் செய்தார்.

“எப்படிச் சொல்றதுன்னே தெரியலம்மா. உங்க முப்பத்தேழாம் நம்பர் ஜாடியைக் காணோம். யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க.”

ஆறு வருடமாக அனுப்பி அனுப்பி, இந்த வருடம்தான் அந்த அம்மாளின் ஜாடியை நடுவர்கள் உள்ளே விட்டிருந்தார்கள். அதற்குக் கிடைத்த இடம் கழிவறை மூலை.

“பரிசு ஜாடி?”

“அது பத்திரமா இருக்கும்மா. பெட்டியில ஒரு கீறல்கூட இல்ல.”

“அதை விட்டுட்டு என்னோடதையா எடுத்தான்?” குரல் ஏறியது. “நாப்பத்திரண்டுல என்னோடதையா?”

“மன்னிச்சுக்கங்கம்மா. இப்பவே போலீஸுக்குப் போறேன்.”

“ஐயோ, வேண்டாம் சார்! அவ்வளவு ஆசைப்பட்டு எடுத்திருக்கான், வச்சுக்கட்டும். அப்புறம், இனிமே பானை வனையப் போறதில்ல, சக்கரத்தை விக்கணும், ஆள் இருந்தா சொல்லுங்கன்னு காலையில சொன்னேனே, அதை மறந்துடுங்க. அடுத்த வருஷம் ரெண்டு ஜாடி தர்றேன்.”

போனை வைத்ததும் அந்த அம்மாள், “என்னங்க, கேட்டீங்களா? என் ஜாடியை எவனோ திருடிட்டானாம்!” என்று வீடே அதிரக் கூவினாள்.

உள்ளறையில் நாற்காலி மேல் ஏறி நின்று, பழைய போர்வையில் எதையோ சுற்றிப் பரணுக்குள் தள்ளிக்கொண்டிருந்த தட்டச்சர், “அடப்பாவி! யாருடி அவன்?” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.