சேற்று வாடை

"திரும்பவுமா சுவாதி? முந்தாநாள்தான் தெருவையே கூட்டுன!" பக்கத்து வீட்டுப் பூவிழி வாசற்படியில் நின்று முகர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

சுவாதிக்குச் சிரிப்பு வரவில்லை. இடுப்பில் குழந்தை. வீடு முழுக்க அழுகிய முட்டை நாற்றம்.

முந்தாநாளும் இதே நாற்றம்தான். 'ஐயோ, கேஸ் கசியுது' என்று அவள் போட்ட கூச்சலில் உடையார்பாளையத்தில் அந்தத் தெருவே திரண்டு, சிலிண்டரைக் கழற்றி வாசலுக்கு உருட்டியது. கடைசியில் பார்த்தால், அவள் புருஷன் அசோக் பிச்சாவரத்திலிருந்து கொண்டுவந்த சேறு! அலையாத்திக் காட்டில் எந்த மண்ணில் எந்த மரம் வளர்கிறது என்று வரைபடம் போடுவது அவன் ஆராய்ச்சி. மரத்துக்கு மரம் அடிமண்ணைத் தோண்டி, டப்பாக்களில் அடைத்துப் பின்னறையில் அடுக்கியிருந்தான்.

"காத்தே புகாத சேறுங்க, இப்படித்தான் நாறும்" என்று அவன் சொன்னதும் தெரு சிரித்த சிரிப்பு இருக்கிறதே! சிரித்துக்கொண்டே சிலிண்டரைத் திரும்ப மாட்டிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அவளுக்குக் 'கேஸ் ஆபீசர்' என்று பேர்.

"அக்கா, பின்னறைப் பக்கம் அவ்வளவா இல்ல. அடுப்படியிலதான் கொடலப் பொரட்டுது. பயமா இருக்குக்கா."

"வெயில்ல டப்பா சூடாகி நாறுதுடி. வேணும்னா தொறந்து பாரேன்."

"புள்ள மண்ண அள்ளித் தின்னுடும்னு பின்னறையப் பூட்டிட்டாரு. சாவி அவருகிட்ட. நான் எழுந்திரிக்கறதுக்குள்ள சிதம்பரம் கிளம்பிட்டாரு, போனும் எடுக்கல."

"அப்ப சேறேதான். போயி புள்ளைக்குப் பாலக் காய்ச்சு. இன்னொரு தடவ கூச்சல் போட்ட, அசோக் மானம்தான் போவும்."

பூவிழி போய்விட்டாள். குழந்தை பசியில் வீறிட்டது. அதைத் தூளியில் போட்டுவிட்டு, 'சேறுதான், வெறும் சேறுதான்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சுவாதி அடுப்படிக்குள் நுழைந்தாள்.

பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள். லைட்டரை எடுத்தாள்.

செல்போன் அடித்தது. அசோக்தான். லைட்டரைக் கீழே வைக்காமலே இன்னொரு கையால் எடுத்துக் காதில் வைத்தாள்.

"சுவாதி, சேத்து டப்பா எல்லாத்தையும் விடியக்காலையிலயே அள்ளிட்டு வந்து லேப்ல குடுத்துட்டேன். இனிமே நம்ம வூட்ல நாத்தமே இருக்காது!"