வண்டியில் இருந்தது

காலை ஏழு மணிக்கு வந்த உள்ளூர்க் காவல் அதிகாரி, துணை ஷெரீப் லைல், வீட்டுக்குள் நுழைந்த பிறகும் தொப்பியைக் கழற்றவில்லை.

மற்ற நாளென்றால் தானே ஃபிரிட்ஜைத் திறந்து எதையாவது எடுத்துக் கொறிக்கிற ஆள். ரோண்டாவின் கணவன் டேலோடு இருபது வருடமாக மலைக்கு மான் வேட்டைக்குப் போகிறவன். இன்று வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

பள்ளிக்கூடத்தின் ரகசியத் தகவல் எண்ணுக்கு விடியற்காலையில் ஒரு செய்தி வந்திருந்தது. கீகன் இன்று துப்பாக்கியோடு பள்ளிக்கு வரப்போகிறான் என்று. அனுப்பியவர் பெயர் இல்லை. யாரென்று துருவவும் கூடாது, அதுதான் சட்டம்.

கீகன் அவர்களுடைய ஒரே மகன். பதினாறு வயது. சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தான். கிண்ணத்துப் பாலில் கார்ன்ஃப்ளேக்ஸ் ஊறிக் கூழாகிக் கிடந்தது. மூன்று மாதமாகவே அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதும் இல்லை.

டேல் முதலில் சிரித்தான். பிறகு முகம் சிவந்தான். லைலின் கையைப் பிடித்து நிலவறைக்கு இழுத்துப்போய் துப்பாக்கிகள் வைக்கும் இரும்புப் பெட்டியைத் திறந்து காட்டினான்.

"எண்ணிப் பாத்துக்கப்பா. ஆறு இருக்கணும், ஆறும் இருக்கு. எம்புள்ளைக்கு ஆகாதவன் எவனோ கதை கிளப்பி விட்டுருக்கான்!"

"பெட்டி இல்ல, டேல். வண்டி. டிரைவர் சீட்டுக்கு அடியில."

டேல் பெட்டியைச் சாத்திவிட்டு மேலே வந்தான்.

கரடிக்குப் பயந்து மலைக்கு எடுத்துப்போன கைத்துப்பாக்கி அது. அந்த ஊரில் பாதி வண்டிகளில் அப்படி ஒன்று கிடக்கும். கிடந்து கிடந்து, டேலுக்கு அது துப்பாக்கி என்பதே மறந்துபோயிருந்தது. பெட்டிக்குப் பூட்டு போட்டவன் வண்டிச் சாவியை வண்டியிலேயே விட்டு வைத்திருந்தான். புதன்கிழமைகளில் அவனுக்கு வேலை கிடையாது. வண்டியைக் கீகன்தான் பள்ளிக்கு ஓட்டிப்போவான்.

இன்று புதன்கிழமை.

லைல் போய் எடுத்து வந்தான். ஆரஞ்சு நிற வேட்டைச் சட்டையில் சுற்றியிருந்தது. செய்தியிலும் அப்படியே எழுதியிருந்ததாம். குண்டுகள் நிரப்பியிருந்தன.

அந்தச் சட்டை விஷயம் செய்தி வரும்வரை லைலுக்கே தெரியாது. வீட்டில் இருக்கும் மூன்று பேருக்குத்தான் தெரியும். டேல் மனதுக்குள் கழித்துப் பார்த்திருக்க வேண்டும். மெதுவாக மனைவி பக்கம் திரும்பினான்.

"பெத்த புள்ளையவே புடிச்சுக் குடுத்துட்டியேடி! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"யாருன்னு கேக்கக் கூடாது, டேல்" என்றான் லைல்.

ரோண்டா கீகனைப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்திருந்தது. பயந்த கண்கள் லைல் மேலும் இல்லை, துப்பாக்கி மேலும் இல்லை. அப்பா மேல் இருந்தன.

"ஆமா. நான்தான் அனுப்பினேன்" என்றாள்.

டேல் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனான். கதவை அறைந்து சாத்தினான். அழுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"வா தம்பி, போகலாம். டாக்டரம்மா ஒருத்தங்க காத்துக்கிட்டிருக்காங்க" என்றான் லைல். கைவிலங்கை வெளியே எடுக்கவில்லை.

கீகன் எழுந்தான். கதவருகே வந்ததும் சின்ன வயதில் செய்வதுபோல அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"அனுப்பினதுலேருந்து, இவரு வரவே மாட்டாரோன்னு பயந்துட்டேம்மா."

லைலின் வண்டி தெருமுனை திரும்பும்வரை ரோண்டா வாசலிலேயே நின்றாள். ஒரு மாதமாக அதே எண்ணுக்கு மூன்று முறை எழுதி, மூன்று முறையும் அனுப்பப் பயந்து அழித்ததை மகனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.