மஞ்சள் டீ மகிமை

"குடியை நிறுத்தாவிட்டால் கல்லீரல் போய்விடும்" என்று ஆறு மாதத்துக்கு முன் எச்சரித்த அதே டாக்டர், பரிசோதனை முடிவைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சின்னப் பையன் ஈரல் மாதிரி இருக்கு. நிறுத்திட்டீங்களா?"

"ஒரு நாள்கூட இல்ல டாக்டர்," என்றார் மசாமோரி. நாஹா துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிற தொண்டை. வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டது. "எல்லாம் நம்ம ஒகினாவா மஞ்சள் டீ. ஒரு குடுவை குடிச்சிட்டுத்தான் சாராயத்தைத் தொடுவேன். நீங்களும் குடிங்க."

"ரொம்பக் கசக்குமே?"

"கசப்புன்னா அப்படியொரு கசப்பு. அப்புறம் நாக்குல எதை ஊத்தினாலும் ருசி தெரியாது. அதுக்கு மேலதான் ஹருயே சாராயத்துல தண்ணி கலந்து தருவா."

டாக்டர், மசாமோரியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியைப் பார்த்தார்.

"எவ்வளவு தண்ணிம்மா கலக்கறீங்க?"

ஹருயே கைப்பையைத் திறந்து மூடினாள். "தண்ணி மட்டுந்தான் டாக்டர். வாசனைக்குக் கிளாஸ் விளிம்புல சாராயத்தைத் தொட்டுத் தடவிடுவேன்."

மசாமோரிக்குக் காது சுட்டது. முந்தின நாள் அடித்த கூத்தைப் போதையில் செய்துவிட்டதாக அவர் ஞாயிற்றுக்கிழமை மன்னிப்பு வேறு கேட்டிருந்தார்.

"அப்ப, சனிக்கிழமை நம்ம வீட்டுல சம்பந்திங்க முன்னாடி ஒரு முட்டாள் சட்டையைக் கழட்டிட்டு மேசை மேல ஏறி ஆடினானே, அது?"

"தண்ணி போட்டுட்டுத்தான் ஆடினீங்க," என்றாள் ஹருயே.