பதினாலாவது மணி நேரம்

"பதிமூணு மணி நேரம் படிச்சவளுக்கு இன்னும் ஒரு மணி நேரம் உட்கார முடியலையா? ஏண்டி இப்படி இருக்கே?"

காலையிலேயே கடை முதலாளி க்ளெண்டா ஆரம்பித்துவிட்டாள். வந்திருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் கத்தினாள்.

நடீன் தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று செப்டம்பர் முப்பது. முடி வெட்டுகிறவர்கள் லைசென்ஸைப் புதுப்பிக்க இல்லினாய் மாநிலத்தில் கடைசி நாள். இரண்டு வருடத்துக்குப் பதினாலு மணி நேரம் படித்ததாகக் காட்ட வேண்டும். அதில் ஒரு மணி நேரம், வீட்டில் அடிபடும் பெண்களை எப்படிக் கண்டுகொள்வது என்பது பற்றி. நடீன் தொடாமல் வைத்திருந்தது அதைத்தான்.

"ஆத்துக்கு அக்கரையில பதினோரு வருஷம் முடி வெட்டினேன். மிசோரியில யாரும் என்னை ஒரு நிமிஷம் படின்னு சொன்னதில்ல."

முடி காயவைக்கும் டிரையருக்கு அடியில் உட்கார்ந்திருந்த லவான் கிழவி சிரித்தாள். "அக்கரையில நாய்கிட்ட கத்தரிக்கோலைக் கொடுத்தாலும் ஒண்ணும் கேட்கமாட்டாங்க, பொண்ணே. அதான் அங்க அத்தனை பேரும் தொப்பி போட்டுக்கிட்டுத் திரியறாங்க."

க்ளெண்டா சிரிக்கவில்லை.

"அடிபட்டவ டாக்டர்கிட்ட போகமாட்டா. போலீசுக்கும் போகமாட்டா. ஆனா ஆறு வாரத்துக்கு ஒரு தடவை நம்மகிட்ட தலையைக் கொடுத்துத்தான் ஆகணும். காதுக்குப் பின்னாடி, பிடரியில, முதல்ல நம்ம கண்ணுலதான் படும். அதைக் கத்துக்கக் கசக்குதா உனக்கு?"

"பார்க்கிறவளுக்கு வகுப்பு எதுக்கு? பார்க்காதவளுக்கு வகுப்பு என்னத்தைக் கிழிக்கும்?"

"வாய் மட்டும் குறைச்சலில்ல. இன்னைக்குள்ள நீ முடிக்கலைன்னா, நாளைக்கு அந்த நாற்காலிக்குப் பின்னாடி வேற ஒருத்தி நிப்பா."

நடீன் மறுபடி கூட்ட ஆரம்பித்தாள். அக்கரைக் கடையை மூடிவிட்டார்கள். வீட்டில், முழங்கால் போன புருஷன். அவளுக்கு அந்த நாற்காலியை விட்டால் வேறு கதி இல்லை.

க்ளெண்டா கோட்டை மாட்டிக்கொண்டாள். கடைசி நேரத்தில் ஓடிவருகிறவர்களுக்காக ஓட்டல் ஹாலில் அதே வகுப்பு நடக்கிறது. இந்தத் தடவை அவளையே பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிடாமல் என்ன? உதவிக்கு அழைக்கும் எண்ணை அச்சடித்த சின்ன அட்டைகளைக் கடைக் கழிவறையில் முதன்முதலில் வைத்தவள் அவள். ஊர்ப் பத்திரிகையில் அவள் படம் வந்திருக்கிறது.

மதியம் கடை காலியானது. நடீன் பின்னறையில் கம்ப்யூட்டரில் அந்த ஒரு மணி நேரப் பாடத்தைத் திறந்து உட்கார்ந்தாள். பத்து நிமிடம் தொடாமல் விட்டால் பாடம் மறுபடி முதலிலிருந்து ஓடும். மூன்றாவது பக்கத்தில் இருந்தபோது வாசல் மணி அடித்தது.

டெலியா. க்ளெண்டாவின் மகன் வேட் கட்டியிருக்கும் பெண்.

"அத்தை இல்லையா?"

"ஹாலுக்குப் போயிருக்காங்க. என்னம்மா வேணும்?"

"நாலு மணிக்கு சர்ச்சில குடும்பப் போட்டோ எடுக்கறாங்க. தலை அசிங்கமா இருக்கு. பரவாயில்ல, நான் அப்புறமா..."

"உட்காரு. அலசி, காய வெச்சு விடறேன். அரை மணி நேர வேலை."

டெலியா கதவைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், உட்கார்ந்தாள். தொட்டியில் தலையைச் சாய்த்ததும் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

தண்ணீர் பட்டதும் முடி பிரிந்தது. வலது காதுக்குப் பின்னால் காசளவுக்கு முடியே இல்லை. வேரோடு போயிருந்தது. அதற்கு மேலே இன்னொரு இடம், பூனைமுடி முளைத்திருந்தது. அதற்கும் மேலே ஒன்று, தழும்பாகவே ஆகிவிட்டது.

நடீன் குழாயை மூடவில்லை. தண்ணீர்ச் சத்தம் இருக்கட்டும் என்று விட்டாள்.

"வேட் செஞ்சதா?"

டெலியா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்; கண்ணைத் திறக்கவில்லை.

பின்னறையில் கம்ப்யூட்டர் ஒரு முறை கூவி எச்சரித்துவிட்டு அணைந்தது. நடீன் திரும்பிப் பார்க்கவில்லை.

"டெலியா, நான் சொல்றதைக் கேளு. உங்க அத்தை வரட்டும். பெத்த பிள்ளைன்னு பார்க்கமாட்டாங்க. இந்த நிமிஷம் இதைப் பத்தித்தான் அங்க நின்னு பேசிக்கிட்டிருக்காங்க. அதுவரைக்கும் பயமா இருந்தா என் வீட்டுக்கு வா. பாலத்தைத் தாண்டினா பதினைஞ்சு நிமிஷம். அக்கரையில உன்னை யாரும் ஒண்ணும் கேட்கமாட்டாங்க."

டெலியா மெல்லச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நடீனுக்குப் புரியவில்லை.

நாற்காலியில் உட்கார வைத்துத் துவட்டினாள். சீப்பால் முடியைத் தூக்கிப் பிடித்துக் காற்றைக் காட்டினாள். காயக் காய முடி தானாகவே போய்த் தன் இடத்தில் விழுந்தது.

நடீனின் கை நின்றது.

இடது பக்கம் ஒரே நீளம். வலது பக்கம் மூன்று அடுக்கு. ஒவ்வொன்றும் கீழே இருக்கும் வெற்றிடத்தைச் சரியாக மூடும்படி, உள்ளே கனம் குறைத்து, நுனி வளைத்து வெட்டியிருந்தது. ஒரே நாளில் வெட்டியதல்ல. காயம் ஒன்றுக்கு ஓர் அடுக்கு. தேர்ந்த கை.

"இதை யாரும்மா வெட்டினது?"

டெலியா கண்ணாடியைப் பார்க்காமல் சொன்னாள்.

"அத்தைதான். இப்படி வெட்டினா ஆத்துக் காத்து அடிச்சாலும் வெளியில தெரியாதுன்னாங்க."