என்ன கலரு?

"பைலட் வேலைக்குப் போறது நல்லதுதானே?"

பெண் பார்க்க வந்த அன்று, மொட்டை மாடியில் தனியாகப் பேசக் கிடைத்த ஐந்து நிமிடத்தில் சபரிநாதன் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"போற ஆளைப் பொறுத்தது" என்றாள் ஹர்ஷினி, அவனை மேலும் கீழும் பார்த்து.

"சரி, உனக்கு என்ன ஆசை?"

"இப்பச் சொன்னாச் சிரிப்பீக. நேரம் வரும்போது கேட்டுக்கிடுதேன்."

வைரத்தோடாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். ஏழு வருடமாகியும் அவள் கேட்கவில்லை. அவனும் விசாரிக்கவில்லை, தன் ஆசையைப் பேசவே அவனுக்கு நேரம் போதவில்லை.

இந்த வருடம் பேச்சு முற்றிவிட்டது. விமானப் பயிற்சிப் பள்ளியின் விண்ணப்பத்தை வாங்கிப் பெயரும் எழுதிவிட்டான். வெள்ளிக்கிழமை கடைசி நாள். தாயில்பட்டியில் இருக்கும் பட்டாசுக் கம்பெனியைத் தம்பி பாலகுரு பார்த்துக்கொள்வான் என்று வீட்டில் அறிவித்தும் ஆயிற்று.

"ஏலே, நாப்பது பேருக்கு லீவு குடுக்குற மொதலாளி நீ. முப்பத்திரெண்டு வயசுல இன்னொருத்தன்கிட்ட லீவு கேட்டு நிக்கப் போறியாக்கும்?" என்றார் அப்பா சீனிவாசகம்.

ஹர்ஷினி மாமனாரையும் மிஞ்சினாள். "விமானம் என்ன, உங்க லோடு வேனா? ரிவர்ஸ் எடுக்கேன்னு காம்பவுண்டுச் சுவரை இடிச்ச ஆளுதானே?"

"மேல சுவரு கிடையாதுல்லா."

"நெனைப்பைப் பாரு! இதுக்குன்னு ஓப்பன் ஸ்கூல்ல உங்களை பிசிக்ஸ் பாஸ் பண்ண வைக்கவே என் உசுரு போச்சு. நான் பி.எஸ்ஸி. படிச்சதுக்கு நல்ல மாணவன் வாச்சான்."

இப்படிப் பேசினாலும், சாயங்காலம் கம்பெனி மைதானத்தில் அவன் பக்கத்தில்தான் நிற்பாள். ஒவ்வொரு கலவையிலும் ஒரு வாணத்தை விட்டு, நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்கிற நேரம் அது. மேலே பூ விரிந்ததும் அவன் நோட்டைத் திறந்து, "என்ன கலரு?" என்பான்.

"பச்சைன்னு பேரு, மஞ்ச அடிக்கு. மருந்தைப் பாக்கச் சொல்லுங்க."

அவன் எழுதிக்கொள்வான். கலர் பார்ப்பதெல்லாம் சேலை எடுக்கிற பெண்களின் வேலை என்பது அவன் முடிவு.

வியாழக்கிழமை, கண் பரிசோதனைக்கு மதுரை. டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்தார். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள், அவற்றுக்குள் எண்கள்.

"பன்னிரெண்டு" என்றான் சபரிநாதன் கம்பீரமாக.

"சரி. இது?"

"மூணு."

பின்னால் நாற்காலியிலிருந்து ஹர்ஷினி பல்லைக் கடித்தாள். "எட்டுங்க அது."

"அம்மா, நீங்க சொல்லக் கூடாது. இது என்ன சார்?"

"இருபத்தொண்ணு."

"எழுபத்திநாலு!" அவளால் பொறுக்க முடியவில்லை. "இதுகூடத் தெரியாம வானத்துல போய் என்னத்தைப் பாக்கப் போறீக?"

டாக்டர் புத்தகத்தை மூடினார். "உங்களுக்குச் சிவப்பும் பச்சையும் பிரிஞ்சு தெரியலை. பிறவியிலேயே இருக்கிறது. மத்த வேலைக்கு ஒண்ணும் தடை இல்லை. பைலட் வேலைக்கு ஆகாது சார்."

கார் நிறுத்திய இடத்துக்கு இருவரும் வந்தார்கள். உள்ளே உட்கார்ந்ததும் சபரிநாதன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மெதுவாகக் கேட்டான்.

"அப்ப ஏழு வருசமா உன் கண்ணை வச்சுத்தான் கம்பெனி நடத்திருக்கேனா?"

"இப்பமாவது தெரிஞ்சுதே."

"அப்பா சிரிப்பாரு. பாலகுரு சிரிப்பான். நீயும் ஆசை தீரச் சிரிச்சுக்கோ."

அவள் சிரிக்கவில்லை. அவன் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து, கிழிப்பதற்காக இரண்டு கையாலும் பிடித்தான். அவள் சட்டென்று அவன் மணிக்கட்டைப் பற்றினாள்.

"கிழிக்காதீக."

"எதுக்குட்டி? ஆகாத ஆளுக்கு இது எதுக்கு?"

ஏழு வருடத்தில் முதல்முறையாக அவள் குரலில் கேலி இல்லை.

"ஏங்க... உங்க பேரை அடிச்சிட்டு, அதுல என் பேரை எழுதுவீகளா?"