மணிக்கொரு பெரட்டு

கதவை உள்ளே பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் பாலச்சந்திரன். கொழும்புத் தலைமை ஆபீஸின் நெட்வொர்க் மேனேஜர், போன்கூடப் பண்ணாமல் தானே வேன் பிடித்து அட்டனுக்கு ஏறி வந்திருக்கிறார் என்றபோதே, அட்டன் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நிரோஷனுக்கு விஷயம் இன்னதென்று தெரிந்துவிட்டது.

"இரும், தம்பி."

கிளார்க்கை டீ குடிக்க அனுப்பியாயிற்று. மேசையில் மடித்த தாள் ஒன்று கிடந்தது. நிரோஷன் உட்காரவில்லை. அது என்ன தாள் என்று அவனுக்குத் தெரியும், அவன் போட்டு வைத்த மென்பொருள் அனுப்பிய ரிப்போட்.

கம்பெனியின் பதின்மூன்று ஸ்டோர்களிலும், அதாவது தேயிலைத் தொழிற்சாலைகளிலும், ஒவ்வொரு ரவுட்டர் உண்டு. போன வருஷம் இணையத்திலிருந்து ஒரு மென்பொருளை இறக்கி, அட்டன் ஆபீஸின் பழைய கம்ப்யூட்டரில் போட்டவன் இவன். யாரும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், ஐந்து சதம் கொடுக்க வேண்டாம் என்றதும் பாலச்சந்திரனே சந்தோஷமாகக் கையெழுத்து வைத்தார்.

விடிந்தால் தொழிலாளிகளை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டு மாதிரித்தான் அதன் வேலை. மணிக்கொரு தடவை எல்லா ரவுட்டர்களையும் கூப்பிடும். ஒவ்வொன்றுக்கும் கொடுத்திருக்கும் கட்டளைகளை வரி வரியாகப் பிரதி எடுத்து, முந்திய பிரதியோடு ஒப்பிடும். ஒரு வரி மாறியிருந்தாலும், இடையில் மாற்றித் திருப்பி வைத்திருந்தாலும்கூட, உள்ளே வந்தது யார், எத்தனை மணிக்கு, மாற்றியது எதை என்று எழுதி வைத்துவிடும்.

அந்த மென்பொருள் கங்காணிக்குத் தன்னை வேலைக்கு வைத்தவனென்று தனிக் கண் கிடையாது. செவ்வாய்க்கிழமை அதைத்தான் நிரோஷன் மறந்துபோனான்.

"இந்த ரிப்போட் ஆராருக்குப் போகுது?"

"ரெண்டு பேருக்குத்தாங்க சார். ஒங்களுக்கும் எனக்கும்."

"டிரெக்டர்மாருக்கு?"

"மாசக் கடைசியில மொத்தமா போகும்ங்க. நாளைக்கு."

பாலச்சந்திரன் நெற்றியைத் துடைத்தார். மூன்று வாரமாக ஒரு பொட்டு மழையில்லாமல் மலை காய்ந்து கிடந்தாலும் அட்டன் குளிர் குளிர்தான். அந்தக் குளிரிலும் அவருக்கு வேர்த்திருந்தது.

"செவ்வாய்க்கிழமை ஏழு ஸ்டோருக்கு லைன் செத்துப்போச்செல்லோ. ஏலத்துக்குப் போக வேண்டிய விபரம் ஒண்டும் போகேல்ல. இடி விழுந்தது எண்டு டிரெக்டர்மாருக்கு நான் எழுதிக் குடுத்திட்டன்."

பாலச்சந்திரன் மேசையில் கிடந்த தாளைத் தட்டினார்.

"சரி, இதில ஆராவது ஒரு வரியை அழிச்சா?"

"அழிச்சா, அழிச்சதையும் எழுதிரும்ங்க. பிரதியெல்லாம் இன்னொரு மெஷின்லயும் கெடக்கு. அதுக்குத்தான சார் இதப் போட்டதே."

"நல்ல சாமான்தான் போட்டிருக்கிறீர்." அந்தக் குரலில் பாராட்டு இல்லை.

அவன் அம்மா வேலாயியின் பேரைத் தோட்டத்து ஆள் பதிவான செக்றோலிலிருந்து வெட்டி இரண்டு வருஷமாகிறது. அவர்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பிரா, தோட்டம் கொடுத்த அந்த ஒற்றை அறை, இன்னும் கைவிட்டுப் போகாமல் நிற்பது இவன் கம்பெனியில் வேலை பார்ப்பதால்தான். வேலை போனால் அடுத்த வாரமே சட்டி பானையை வாசலில் எடுத்து வைத்துவிடுவார்கள். லயத்தில் இரண்டு குடும்பத்துக்கு அப்படி நடந்ததை அவனே பார்த்திருக்கிறான்.

அவர் கேட்டு வாங்குவதற்கு முன் தானே சொல்லிவிடலாம் என்று அவனுக்குப் பட்டது.

"சார், நான்தாங்க. அன்னைக்கு ஓ.எல். பரீட்ச ரிசல்ட் வந்துச்சு. எங்க லயத்துல பதினோரு புள்ளைக. பாக்கணும்னா பொகவந்தலாவையிலருந்து பஸ் ஏறி இங்கதான் வரணும். அங்க உள்ள நம்ம ஸ்டோர் லைன்ல வெளி இணையத்த அடைச்சு வச்சிருக்கோம்ல, அத ஒரு மணி நேரம் தொறந்து விட்டேங்க. அடைக்கறப்ப என்னமோ பெசகிருச்சு. அதுக்கப்புறந்தான் ஏழு ஸ்டோரும் போச்சு."

"உம்மட ஆக்களும் சோதினை எழுதினவையோ?"

"என் தங்கச்சி சுலக்ஷனாங்க."

"பாஸோ?"

"கணக்குல பெயிலுங்க."

பாலச்சந்திரன் சிரிக்கவில்லை. கிளார்க்கின் கதிரையில் மெல்ல உட்கார்ந்தார்.

"ரிப்போட்டை முழுக்க வாசிச்சீரோ?"

"மொத வரியிலயே என் பேரு இருந்துச்சு. பயத்துல மூடிட்டேங்க."

அவர் தாளை விரித்து இவன் பக்கம் தள்ளினார்.

ஒன்பது ஐந்து: நிரோஷன், பொகவந்தலாவை லைனைத் திறந்தது. ஒன்பது ஐம்பத்தெட்டு: நிரோஷன், அடைத்தது. ஒரு எழுத்துப் பிசகில்லை, பழையபடியே அடைத்திருந்தான்.

அதற்கும் கீழே இன்னொரு வரி. பத்து இருபது: ஏழு ஸ்டோர்களுக்கும் வழிவிடும் கட்டளை நீக்கப்பட்டது. நீக்கியவர் பேர், பாலச்சந்திரன்.

நிரோஷன் தலையை நிமிர்த்தினான். மூன்று நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் சட்டென்று இறங்கியது.

"அப்ப நான் இல்லீங்களா சார்?"

"கை தவறிப்போச்சு. ரிட்டயர் ஆக எனக்கு இன்னும் மூண்டு வருசம் கிடக்கு." பாலச்சந்திரன் குரலைத் தாழ்த்தினார். "நீர் லைன் திறந்த கதையை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல. நாளைக்கு ரிப்போட்டில கண்டு கேட்டாலும் நான் சொல்லித்தான் திறந்தது எண்டுவன்."

பிறகு வெள்ளைத் தாளொன்றை எடுத்து மேசையில் வைத்து, அதன்மேல் தன் பேனையையும் வைத்தார்.

"என்ர பாஸ்வேர்டைக் களவா எடுத்து நீர்தான் உள்ள போனது எண்டு எழுதித் தாரும், தம்பி."